விராலின் தொண்டையில் முள்

கரையான்சாவடி மீன் கடையில், அலுமினியத் தொட்டிக்குள் கிடந்த விரால் ஒன்று வாலை அடித்தது. தெறித்த தண்ணீரில் பாசி வாசம். நான் நினைவில் அண்ணனூர் ஏரிக்கரைக்குப் போய்விட்டேன்.

மழை விட்ட மாலை. வானமும் ஏரியும் ஒரே நிறத்தில் கிடந்தன. எனக்கு ஒன்பது வயது. என் தூண்டிலில் பெரிய விரால் மாட்டியிருந்தது. கரையோரம் இழுத்து வந்தபோது, குங்குமம் கரைத்தாற்போல் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக அதன் பின்னாலேயே வந்தன.

"அய்யோ, குஞ்சுங்க கீதுடி! உட்டுடலாம்" என்றாள் கூட வந்திருந்த கலா அக்கா.

தூண்டில் முள் தொண்டைக்குள் இறங்கியிருந்தது. நான் முள் கட்டிய நரம்பைச் சுண்டினேன். செவுளோரம் ரத்தம் கசிந்தது.

"இழுக்காதடி, உள்ள கிழிஞ்சிடும்! முள்ளு அப்டியே கெடக்கட்டும்."

அவள் மீனைத் தண்ணீரைவிட்டுத் தூக்கவே இல்லை. பாவாடை மிதக்க மண்டியிட்டு, நனைந்த கையால் அதன் வயிற்றைத் தாங்கி, வாயருகே குனிந்து நரம்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். செவுள் மெல்லத் திறந்து மூடியது. பிறகு மீன் தானாகவே கையிலிருந்து நழுவிப் போனது.

பிழைக்குமா என்ற கவலையில் எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் இருவரும் ஓடினோம். அல்லி இலைகளுக்கு நடுவே அந்தச் சிவப்பு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அதனடியிலிருந்து ஒரு கருந்தலை எழும்பி, ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு அமிழ்ந்தது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இன்னாக்கா, விரால வெட்டட்டா?" என்றார் கடைக்காரர்.

"வேணாம்பா, சங்கரா குடு" என்றேன்.