இனிஷியல் பார்த்து அழைத்த வரிசை

சோனியாவுக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. கட்கி வெடிமருந்து ஆலைத் தொழிலாளி சேவியரின் மகள், தான் எழுதிய புரோகிராமை முதன்முறையாக நிஜ ஜனங்களின் முன்னால் ஓட்டப்போகிறாள். சும்மாவா! மராட்டிய ஊரான போபோடியின் தமிழ்ச் சங்கம் நடத்தும் கண் பரிசோதனை முகாமில் யார் எப்போது உள்ளே போவது என்பதை இனி அவளுடைய லேப்டாப்தான் சொல்லும்.

இதற்காக ஆறு மாதம் கெஞ்சியிருக்கிறாள். இருபத்திரண்டு வருடமாக நோட்டில் பெயர் எழுதி அழைத்துவரும் செயலாளர் ரங்கராஜன் லேசில் மசிகிற ஆளா? “ஒரு சண்டை வந்தாலும் உன் பெட்டியை மூடிடணும். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது” என்று சொல்லித்தான் விட்டார்.

ஏற்பாடு எளிதுதான். பைத்தான் கணினி மொழியோடு கூடவே வரும் ‘ஹீப்க்யூ’ என்ற வரிசைக் கருவியில், எழுபதைத் தாண்டியவருக்கு ஒன்று, மற்றவருக்கு இரண்டு என்று எண் கொடுத்துப் பெயரோடு போட வேண்டும். சின்ன எண்ணை அது தலையில் வைத்துக்கொள்ளும். மொத்தக் கூட்டத்தையும் அடுக்கிவைக்கிற வேலையெல்லாம் அதற்குக் கிடையாது, சரியான சோம்பேறி. தலையில் இருப்பவர் போனதும் கடைசியில் கிடப்பவரை அங்கே தூக்கிவைத்து, சிலரோடு மட்டும் ஒப்பிட்டு இடம் மாற்றும். அவ்வளவே.

பெரியவர்கள் பதினெட்டுப் பேரும் மளமளவென்று உள்ளே போய் வந்தார்கள். சோனியாவுக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் வந்தது வினை.

“அரே, நான் ஆறு மணிக்கே வந்து உக்காந்திருக்கேன். ஒன்பது மணிக்கு ஆடி அசைஞ்சு வந்த ஜான் உள்ள போறான். க்யா சல் ரஹா ஹை? என்னதான் நடக்குது இங்க?” என்று பேக்கரிக்கார வசந்தகுமார் எழுந்தார். அவர் பின்னாலேயே பத்துப் பேர் எழுந்தார்கள். ரங்கராஜன் நோட்டைத் திறந்துவிட்டார்.

சோனியா அதுவரை அழைத்த வரிசையைத் தேடித் திரையைப் பார்த்தாள். ஏ. ஜான், ஏ. பானு, பி. மரியம்மாள். வசந்தகுமாரோ வேலாயுதத்தின் மகன், வி. வசந்தகுமார். அடக் கடவுளே! எண் சமமாக இருந்தால் ஹீப்க்யூ அந்த எண்ணுக்கு அடுத்து இருக்கிற பெயரை அகர வரிசையில் ஒப்பிடும். நம் ஆட்களின் பெயர் அப்பாவின் இனிஷியலில் அல்லவா ஆரம்பிக்கிறது! அந்தோணி மகன் ஜான் எப்போது வந்தாலும் முதலில், வேலாயுதம் மகன் விடியலில் வந்தாலும் கடைசியில்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “தப்பு என்னுதுதான் அங்கிள்! உங்க அப்பா பேரைப் பாத்து அது ஆளைக் கூப்பிட்டிருக்கு!”

“மனுஷன் செத்தும் என்னை விடமாட்டேங்கிறாரே!” என்று வசந்தகுமார் தலையில் அடித்துக்கொள்ள, கூடமே சிரித்தது. அது அடங்குவதற்குள் எண்ணுக்கும் பெயருக்கும் நடுவே, அவரவர் வந்த வரிசை எண்ணைச் செருகி, காத்திருந்தவர்களை மறுபடி ஏற்றினாள். உடனே வசந்தகுமார் பெயர் மேலே வந்தது.

ரங்கராஜன் மட்டும் சிரிக்கவில்லை. நேராக மேசைக்கு வந்து நின்றார். மூடச் சொல்லப்போகிறார் என்று சோனியா லேப்டாப் மூடியில் கை வைத்தாள்.

“என் பேரையும் போடும்மா” என்றார். “வயசு எழுபத்திரண்டு. பேர் எழுதுறவன் லைன்ல நிக்க முடியுமா? இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட நான் கண்ணைக் காட்டிக்கிட்டதில்ல.”

அவள் தட்டினாள். அவர் பெயர் எல்லோரையும் தாண்டித் தலைக்குப் போனது.

“அடுத்து, ரங்கராஜன் ஐயா!” என்று எழுந்து நின்று கூப்பிட்டாள். கூடம் விசிலடித்தது. அவர் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, வெட்கப்பட்டுக்கொண்டே உள்ளே போனார்.