மெதார் என்று ஒருவன்

ஹோட்டலில் இரவு ரிசப்ஷன் வேலை பார்ப்பவனுக்கு உலகம் முழுவதும் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தில்தான் தெரியும். ரங்கூனின் பபேடான் பகுதியில் நாற்பது அறை உள்ள எங்கள் ஹோட்டலில் இருபத்தாறு வருஷமாக மாலை ஆறு முதல் காலை ஆறு வரை நிற்கிறேன். பகலில் தூக்கம் வராமல் தெருத்தெருவாக நடப்பதும் இந்த வேலையோடு சேர்ந்ததுதான். சட்டையில் பெயர்ப் பட்டை குத்திக்கொண்டு நிற்கும் சக தொழிலாளிகளே, உங்கள் பெயர் முருகன் என்றோ கோ அவுங் என்றோ இருந்தால் நீங்கள் பாக்கியசாலிகள். என் பட்டையில் 'மெதார்' என்று இருக்கிறது. ரங்கூனில் வேறு எந்தச் சட்டையிலும் இந்தப் பெயர் கிடையாது. எனக்கு ஒரே மகள். அதனால் இந்தப் பெயர் என்னோடு முடிந்துவிடுமோ என்பது ரொம்ப நாளாக என் கவலை. வேறு பெரிய கவலைகள் இல்லையா என்று கேட்காதீர்கள். இருக்கின்றன. இது எனக்குப் பிடித்த கவலை.

பெயர் வந்த வழி

அப்பா அலோன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். எனக்கு ஞானஸ்நானம் கொடுக்கக் கோயிலுக்குத் தூக்கிப்போனபோது 'அந்தோணி' என்று வைக்கச் சொன்னாராம். அங்கே இருந்த பிரெஞ்சுச் சாமியாருக்கு நல்ல வயது. காதும் மந்தம், பிடிவாதமும் அதிகம். பிள்ளை பிறந்த தேதியைக் கேட்டார், ஜூன் எட்டு என்றார் அப்பா. சாமியார் புனிதர்களின் நாள்காட்டியைப் புரட்டினார். அன்று மெதார் என்று ஒரு பழங்காலத்து பிஷப்பின் திருநாள். தண்ணீரை ஊற்றிவிட்டார், பெயரும் ஒட்டிக்கொண்டது.

வீடு திரும்பும் வழியெல்லாம் அப்பா முணுமுணுத்துக்கொண்டே வந்தாராம். அம்மாதான் சமாதானம் சொல்லியிருக்கிறாள். "நம்ம வரிசை வீட்டுல அந்தோணின்னு கூப்பிட்டா மூணு பேர் எட்டிப் பாக்கிறான். இவனைக் கூப்பிட்டா இவன் ஒருத்தன்தான் வருவான், விடுங்க."

வியாழன் மூலை

பர்மாக்காரர்கள் பெயரின் முதல் எழுத்தை வைத்தே நீங்கள் பிறந்த கிழமையைச் சொல்லிவிடுவார்கள். ஒவ்வொரு கிழமைக்கும் சில எழுத்துகள் உண்டு, பிள்ளைக்கு அதில்தான் பெயர் வைப்பார்கள். புத்தர் கோயிலான பகோடாவில் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு மூலை, அந்த மூலைக்கு ஒரு மிருகம். அவரவர் கிழமை மூலையில் நின்று சிலைக்குத் தண்ணீர் ஊற்றி வேண்டிக்கொள்வார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் வாசல் காவலர் ஊ சான், என் பிறந்தநாள் அன்று வேலை முடிந்ததும் காலையில் என்னை அங்கே இழுத்துப்போனார். நேரே வியாழன் மூலையில் நிறுத்தி, கையில் கிண்ணத்தைக் கொடுத்து, எத்தனை வயதோ அத்தனை கிண்ணம் ஊற்றச் சொன்னார். அங்கே மிருகம் எலி. நான் மாதா கோயிலுக்குப் போகிறவன் என்றேன். அதனால் என்ன, எலி கோபித்துக்கொள்ளாது என்றார்.

மூன்று வருஷம் இப்படி ஊற்றினேன். எனக்கு என் கிழமை தெரியாது, எங்கள் வீட்டில் யாரும் அதைப் பார்த்ததில்லை. நான் வியாழக்கிழமைதான் என்று எப்படித் தெரியும் என்று ஒருநாள் கேட்டேன். ஊ சான் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பேரு 'ம'வுல ஆரம்பிக்குதுல்ல? இதுல உன்னைக் கேக்க என்ன இருக்கு?"

பெண் கேட்டுப் போனது

எங்கள் ஹோட்டலில் துணி துவைக்கும் பகுதியில் இருந்தவள் மா நீலா. அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரி, இரண்டு பேரும் இல்லை. பெரியம்மா டோ டின்தான் வளர்த்தார். நீலா என்னிடம் பேசும்போது சிரிப்பாள், மற்றவர்களிடம் பேசும்போது பேசுவாள். அதை நம்பிப் பெண் கேட்டுப் போனேன். பெரியம்மா டீ ஊற்றினார், பெயரைக் கேட்டார். சொன்னேன். டீப்பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப நீங்க வியாழன். நீலா சனி. வியாழனும் சனியும் ஒரே வீட்டுல இருக்கக் கூடாது. டீயைக் குடிச்சிட்டுப் போங்க."

டீயைக் குடித்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் எதுவும் ஓடவில்லை. அப்புறம் அம்மாதான், "நீ பொறந்த அன்னிக்கு துறைமுகத்துல அரை நாள் வேலை, அதனாலதான் உங்கப்பா மத்தியானமே வந்தாரு" என்றாள். அரை நாள் வேலை என்றால் சனிக்கிழமை. கோயிலுக்கு ஓடினேன். அந்தப் பிடிவாதக்காரச் சாமியார் பதிவேட்டில் தேதிக்குப் பக்கத்தில் கிழமையையும் எழுதி வைத்திருந்தார். சனிக்கிழமை. நகல் வாங்கிக்கொண்டு பெரியம்மாவிடம் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நீலா கதவுக்குப் பின்னால் நின்றது அவள் செருப்பில் தெரிந்தது. "பேரு பொய் சொல்லுது, ஆளு சனிக்கிழமை" என்றார் பெரியம்மா. "சரி, ஆளைத்தானே கட்டிக்கப் போறா."

ஊ சானின் பதில்

மறுநாள் ஊ சானிடம் போய், மூன்று வருஷமாக நீங்கள் என்னைத் தப்பான மூலையில் நிறுத்தியிருக்கிறீர்கள், என் மிருகம் நாகம் என்றேன். கொஞ்சமாவது வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "எலிக்கும்தான் வேர்க்கும், ஊத்தினது வீணாப் போகாது."

நாள்காட்டியிலும் கல்லிலும்

நான் எட்டாவது வரைதான் படித்தேன். பிரெஞ்சு கற்றுக்கொண்டது விருந்தாளிகள் அறையில் விட்டுப்போன புத்தகங்களில். அப்படிக் கிடைத்தவற்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர்களின் புத்தகம். என் பெயரைத் தேடினேன். மூன்றே வரி. அது பிறப்பில் பிரெஞ்சே இல்லையாம். பழைய ஜெர்மானியக் கூட்டத்தார் கொண்டுவந்த பெயர். ஒரு பாதிக்கு வலிமை என்று பொருள், மறுபாதிக்கு உறுதி. மூன்றாம் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிற எனக்கு இரண்டும் எதற்கு என்று தெரியவில்லை. கடைசி வரி, இப்போது அபூர்வம் என்றது. அன்று முழுக்க மனம் ஒரு மாதிரி இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் பிரெஞ்சுக்கார அம்மாள் ஒருவர், எழுபது வயதிருக்கும், சாவி வாங்க வந்தவர் என் பட்டையைப் பார்த்து நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். பிறகு சிரித்தார். கேலியில்லை, காணாமல்போன சொந்தக்காரனைக் கடைத்தெருவில் பார்த்த சிரிப்பு. "இந்தப் பெயரை நாள்காட்டியில் பார்த்திருக்கிறேன், கல்லறைக் கல்லில் பார்த்திருக்கிறேன்" என்றார். "மூச்சு விடுகிற ஆளின் சட்டையில் இப்போதுதான் பார்க்கிறேன்."

நாற்பது நாள் மழை

மெதார் மழைக்கான புனிதர். அவர் திருநாளில் மழை பெய்தால் நாற்பது நாள் விடாது என்று பிரெஞ்சு விவசாயிகள் நம்புவார்களாம். இதையும் அந்த அம்மாள்தான் சொன்னார். அந்த வருஷம் ஜூன் எட்டாம் தேதி சாயங்காலம் தெருவில் முழங்கால் தண்ணீர். லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்த மேனேஜரிடம் பெருமையோடு இதைச் சொன்னேன். ரங்கூனில் ஜூனில் ஆரம்பித்தால் அக்டோபரில்தான் குடையை மடக்குவோம். அவர் லுங்கியைப் பிழிந்துகொண்டே கேட்டார்: "நாப்பது நாளோட நிறுத்திடுவாரா? அப்ப அவரை உடனே வரச் சொல்லு, நல்ல அறையாக் கொடுப்போம்."

பின்னால் நின்றவர்

பிரெஞ்சு பாஸ்போர்ட் எது வந்தாலும் முதலில் பெயரைப் பார்ப்பது எனக்கு நோய் மாதிரி ஆகிவிட்டது. வருஷக்கணக்காகப் பார்த்தேன். ஒரு நவம்பர் மாலை, முதுகில் மூட்டையும் மூக்கில் வெயில் உரித்த தோலுமாக முப்பது வயதுப் பையன் ஒருவன் பாஸ்போர்ட்டை நீட்டினான். லூக், பியேர், மெதார். மூன்றாவது இடத்தில் இருந்தது. நான் பாஸ்போர்ட்டைக் கீழே வைத்துவிட்டு என் சட்டையைக் காட்டினேன். அவன் குனிந்து பட்டையை எழுத்தெழுத்தாகப் படித்தான். பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து கட்டிப்பிடித்தான். மூட்டை இடித்து மேசை மணி கீழே விழுந்தது. ஊ சான் சண்டை என்று நினைத்துக் கட்டையோடு ஓடிவந்தார்.

மறுநாள் காலை வேலை முடிந்ததும் அவனைத் தெருமுனைக்கு அழைத்துப்போய் மீன்சாறு ஊற்றிய மொகிங்கா நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரி, டீக்கடைப் பாய், பேப்பர் போடுகிறவர் எல்லோரிடமும் இன்னொரு மெதார் என்று அறிமுகம் செய்தேன். அவனுக்கு வெட்கம். அவன் மனைவிக்கே இந்தப் பெயர் தெரியாதாம். தாத்தாவின் பெயராம் அது. அப்படியானால் முன்னால் வைத்திருக்கலாமே என்றேன். மொகிங்காவின் கடைசிச் சொட்டை உறிஞ்சிவிட்டுச் சொன்னான்: "தாத்தா பெயரைப் பின்னால் ஒளித்து வைப்பது எங்கள் வழக்கம். யாரும் கூப்பிட வேண்டாம், இருந்தால் போதும்."

வெள்ளிக்கிழமைக்காரன்

இப்போது வெள்ளைக்காரர்கள் வருவது குறைந்துவிட்டது. மாண்டலே வியாபாரிகள்தான் வருகிறார்கள், மின்சாரமும் அவர்களைப் போல நினைத்தால் வந்து போகிறது. என் மகள் தெரேஸ் தின்கன்ஜூனில் இருக்கிறாள், மாப்பிள்ளை கோ ஸோ டாக்சி ஓட்டுகிறார். போன வருஷம் அவள் மாசமாக இருந்தபோது தயங்கித் தயங்கிக் கேட்டேன். "பையனா இருந்து, வியாழக்கிழமை பொறந்தா உன் பேரு வைக்கலாம்பா. மாமிகிட்டக் கேட்டுட்டேன்" என்றாள். மாமி என்பது கோ ஸோவின் அம்மா டோ கின் ம்யா, பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கிழமை விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். 'ம' வியாழனுக்கு உரிய எழுத்து. வேறு கிழமையில் பிறந்தால் என் பெயருக்கு வழியில்லை.

வியாழக்கிழமை காலையில் வலி எடுத்தது. நான் சந்தோஷத்தில் கோயிலுக்கும் போனேன், பகோடாவுக்கும் போனேன். பழைய நண்பரான எலிக்கு ஒரு கிண்ணம் அதிகமாக ஊற்றினேன். மத்தியானம் ஆயிற்று, சாயங்காலம் ஆயிற்று. அன்று லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் நீலாவோடு உட்கார்ந்திருந்தேன். "புள்ள நல்லபடியா வரணும்னு வேண்டு, சீக்கிரமா வரணும்னு வேண்டாதே" என்றாள். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை விடிந்து, டீக்கடைகள் திறந்த பிறகுதான் பிறந்தான். பையன். தாயும் பிள்ளையும் சௌக்கியம். சந்தோஷத்தில் அழுதேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். முக்கால்வாசி அதுதான்.

பெயர் வைக்கும் நாளில் டோ கின் ம்யா 'ஹெயின்' என்று சொன்னார், 'ஹ' வெள்ளிக்கு உரியது. நான் நல்ல பெயர் என்றேன். அப்போது தெரேஸ் மெதுவாக, "அப்பா, அந்தப் பிரெஞ்சுப் பையன் கதையை மாமிகிட்டச் சொல்லேன்" என்றாள். சொன்னேன், மணி விழுந்தது முதல் மொகிங்கா வரை. பின்னால் ஒளித்து வைத்தால் போதும் என்று அவன் சொன்னதையும் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டோ கின் ம்யா பேரனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நீலாவைப் பார்த்தார். "முதல் எழுத்துதானே கிழமைக்கு? ஹெயின் மெதார்னு எழுதுங்க" என்றார். "சனிக்கிழமை பொறந்து வியாழக்கிழமைப் பேரோட நீங்க அம்பது வருஷம் ஓட்டிட்டீங்க, இவன் வாலுல வச்சுக்கிட்டு ஓட்டமாட்டானா?"

ஆக, எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் மெதார்கள் இப்போது மூன்று பேர்: ஒருவன் பெயரை மனைவிக்கே மறைக்கிறான், ஒருவன் பெயர் தெரியாமல் தூளியில் தூங்குகிறான், மூன்றாமவன் அதைச் சட்டையில் குத்திக்கொண்டு, நான்காமவன் சாவி கேட்டு வருவானா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.