சாரின் கூடத்தில் ஒரு மிஷின்

பச்சை வண்ணம், ஆள் நீளம், கீழே வரிசையாகப் பதிமூன்று அறைகள். துளையிட்ட கார்டுகளை எண்வாரியாகப் பிரித்துப் போடும் அந்த மிஷினை நான் முதலில் பார்த்தது தேனாம்பேட்டையில், எங்கள் ஆபீஸின் ஏ.சி. அறையில். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, கார்டில் துளையிடும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எழுபதுகளின் நடுவில் புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் பழையதையும் அதோடு சேர்ந்த மிஷின்களையும் இனி உதவாது என்று கண்டம் செய்தார்கள். மிஷின் ரூம் சூப்பர்வைசர் சார் அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி மயிலாப்பூர் வீட்டில் சேர்த்தார். "முதல்ல வந்த கம்ப்யூட்டர் எப்படி இருந்ததுன்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டா காட்ட வேண்டாமா?" என்பார்.

கூடம் நிறைந்துவிட்டது. சாருடைய பெண்ணின் நிச்சயதார்த்தம் நெருங்கியபோது அவர் மனைவி கெடு வைத்தார். மாமி என்றுதான் அவரை அழைப்போம். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு மிஷினாவது ஓட வேண்டும். இல்லையென்றால் எல்லாம் பழைய இரும்புக்காரருக்கு. கார்டுகள் சரியாகப் பிரிகின்றனவா என்று பார்க்க என்னை வரச் சொல்லியிருந்தார் சார்.

அந்த ஞாயிறு, மழை விட்ட காலை. நாலு கார்டு போகும், ஐந்தாவது சிக்கும். "பெல்ட் மாத்தியாச்சு, பிரஷ் மாத்தியாச்சு" என்று சார் தரையில் உட்கார்ந்துவிட்டார். கிண்டியிலிருந்து வந்திருந்த இரும்புக்காரர் வாசலில் நின்றார். "இன்னா சார், செத்ததுக்கு இன்னும் வைத்தியம் பாத்துக்கினு கீறீங்க? வண்டி நிக்குது."

நாலு பேர் முன்னால் பேச எனக்கு இன்றைக்கும் வராது. அன்று வந்தது. மிஷின் சாருக்குத் தெரியும். கார்டு எனக்குத் தெரியும். நாள் முழுக்க என் விரலில் புரண்டது அது.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு சார். கார்டுதான் நமுத்துப்போச்சு. ஆபீஸ்ல ஏ.சி. நின்னாலும் இப்படித்தான் சிக்கும்."

மாமி ஒரு கார்டை எடுத்து வளைத்துப் பார்த்தார். "ஆமா, அப்பளமாட்டம் நமுத்துண்டு கெடக்கு. இதுக்கா மூணு மாசமா மிஷினைக் கழட்டிண்டிருந்தேள்?"

கார்டுகளைத் தகர டின்னில் போட்டு, குமுட்டி அடுப்புக்குப் பக்கத்தில் அவரே கொண்டுபோய் வைத்தார்.

ஒரு மணி நேரம் கழித்துச் சார் சுவிட்சைப் போட்டார். சடசடவென்று ஒன்றன்பின் ஒன்றாக ஓடி அத்தனை கார்டும் அறைகளில் விழுந்தன. அறை அறையாக எடுத்துச் சரிபார்த்தேன். ஒன்றுகூட இடம் மாறவில்லை. இரும்புக்காரர் தோளிலிருந்த கயிற்றை இறக்கி வைத்தார். "இன்னொரு தபா உடு சார்."

சார் மாமியைப் பார்த்தார். மாமி கூடத்தைக் கண்ணால் அளந்தார்.

"பந்தியை மொட்டை மாடில போட்டுக்கலாம்" என்றார். "மழை வந்தா என்ன பண்றதுன்னு நீங்களே யோசிங்கோ."