இருபதாவது கோடு

நேற்று ஏறாவூரில் உடுக்கச் சாரம் வாங்கும்போதும் அதன் கோடுகளை எண்ணினேன். "என்ன ஐயா, கோட்டுக்கும் காசா?" என்று கடைக்காரத் தம்பி சிரித்தான். சிரிக்கட்டும். என் வாழ்நாளில் எண்ணாமல் விட்டது ஒரே ஒரு துணியைத்தான்.

புதுத் துணியின் கஞ்சி வாசம் வந்தால் கூடவே வாங் வந்துவிடுவான். சைக்கிளில் புடவை மூட்டை கட்டி விற்ற சீனன், என் வயதுக்காரன். நான் அப்போது கணக்கு வாத்தியார். ஞாயிறு பின்னேரங்களில் நாவற்குடாவில் எங்கள் வீட்டில் அவன் ஊர் ஆட்டம் நடக்கும். அதைக் 'கோ' என்பார்கள் என்று பிற்பாடுதான் படித்தேன். கடதாசியில் பத்தொன்பதுக்குப் பத்தொன்பது கோடுகள்; அவை வெட்டும் இடங்களில் காய் வைக்க வேண்டும். எனக்குப் புளியங்கொட்டை, அவனுக்குக் கடற்கரையில் பொறுக்கிய சோகி. சேர்ந்து நிற்கும் காய்களை எதிராளி சுற்றி வளைத்தால் கூட்டம் முழுவதும் போய்விடும். உள்ளே இரண்டு தனித்தனி வெற்றிடங்கள், அவன் பாஷையில் இரண்டு கண்கள், இருந்துவிட்டால் அந்தக் கூட்டத்துக்குச் சாவில்லை.

ஆறு வருடம் ஆடியும் நான் ஒருமுறைகூட வெல்லவில்லை. "நீ ஒண்டும் விடுறல்ல. சின்னத விடு, பெரிசு வரும்" என்பான். அறுந்த செருப்பையே விடாதவன் நான்.

"உடைஞ்ச குடை மூணு வெச்சிரிக்கார், அதையும் கேளுங்க வாங்" என்பாள் உள்ளேயிருந்து என் மனைவி.

உலக யுத்தம் வந்து புடவைக் கப்பல் நின்றது. வாங் ஊருக்குப் புறப்பட்டான். அதற்குள் ஒருமுறையாவது வென்றுவிட வேண்டுமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆட்டக் கடதாசி கிழிந்துபோயிருந்ததால், காத்தான்குடியில் தறி வைத்திருந்த, 'காக்கா' என்று நாங்கள் அழைக்கும் முஸ்லிம் நெசவாளியிடம் கோடு போட்ட துணி நெய்யச் சொன்னேன். ஆடி முடித்து வாங்கே கொண்டுபோகட்டும் என்று எண்ணம். கடைசி ஆட்டத்தன்று காலையில்தான் கொண்டுவந்தார்.

"ஒரு கரை மொட்டையா இரிந்திச்சி வாத்தியார், அழகாக்கியிரிக்கன்" என்றார். அவசரத்தில் நான் காதில் வாங்கவில்லை.

அன்று என் பதினொரு கொட்டைகள் அந்தக் கரையோரம் மாட்டிக்கொண்டன. ஒரு கண்தான். "செத்திட்டு, விடு" என்றான் வாங். நான் விடாமல் ஓரத்தில் இன்னொரு கொட்டை வைத்தேன். இரண்டாவது கண் திறந்தது!

வாங் விரல் வைத்து எண்ணினான். அந்தப் பக்கம் மட்டும் இருபது கோடு; காக்கா அழகுக்கு ஒன்று கூட்டியிருந்தார்.

"இது சரியில்ல, எடு" என்று பன்னிரண்டு கொட்டைகளையும் அவன் பக்கம் தள்ளினேன். அவன் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தான். "கோடு இரிக்கி. கண் இரிக்கி. எடுக்கேலா."

மூன்று இடத்தால் வென்றேன். என்னைவிட அவன்தான் அதிகம் சிரித்தான்.

"வாழ்க்கையில ஒருக்கா விட்டாரு, அதையும் திருப்பித் தந்திட்டீங்களே" என்றாள் மனைவி.

"இனி எங்கட ஊரிலயும் இருபதுதான்" என்று துணியை மடித்துக்கொண்டு போனான் வாங்.

சைக்கிள் புடவைக்காரர் இப்போது வருவதில்லை. காக்காவின் தறியும் இல்லை. சாரமெல்லாம் யந்திரத்தில் வருகிறது. எந்தக் கரையிலும் ஒரு கோடு கூடிப்போவதில்லை. இருந்தாலும் எண்ணிப் பார்க்காமல் வாங்குவேனா?