இருபது நிமிடம் முந்திய கணினி

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. போன வெள்ளிக்கிழமை அந்த ஆண்டி நான்தான்!

என் மனைவி புஷ்பா, நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா பொறுப்பாளர். தாய்மார் கொழுந்து பறிக்கப் போனால், கைக்குழந்தை முதல் நாலு வயது வாண்டு வரை எல்லாம் அவள் கையில். சனிக்கிழமை மூன்று மணிக்குக் கலைவிழா. இரண்டு மாதமாகப் பிள்ளைகளைப் பாடவைத்துப் பதிவு செய்திருந்தாள். அத்தனை பாட்டும் எங்கள் வீட்டுக் கணினியில்... அங்கே மட்டும்தான்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த அந்தக் கணினியின் ஒப்பரேட்டிங் சிஸ்டத்தைத்தான் நான் புதுப்பிக்கக் கிளம்பினேன். அதுவும் ரெடிமேடாக இல்லை. மூல நிரலை இறக்கி, வீட்டிலேயே கட்டி எழுப்புவது. ஏன் என்கிறீர்களா? கடையில் மிளகாய்த்தூள் கிடைக்கும்போது நீங்கள் ஏன் வறுத்து அரைக்கிறீர்கள்? அதே கிறுக்குதான்.

நாலு மணி நேரம் ஒழுங்காகக் கட்டியது. அதை நிறுவும்போது பாதி வழியில் நின்றுவிட்டது. பாதி பழசு, பாதி புதுசு. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும். பாட்டும் வராது. பென்டிரைவைச் செருகினால் ஏறெடுத்தும் பார்க்காது.

சனி காலை, அட்டையில் வண்ணத்துப்பூச்சி இறக்கை வெட்டிக்கொண்டே புஷ்பா கேட்டாள்.

“ஏங்க, பாட்டெல்லாம் இருக்குல்ல?”

“இருக்கு... உள்ளுக்கு இருக்கு.”

“உள்ளுக்கு இருந்து என்னாங்க பண்றது? புள்ளைங்க பாட்டு இல்லாமயா ஆடும்?”

திரையில் வந்ததை முதல் வரியிலிருந்து நிதானமாக வாசித்தேன். முந்தின நாள் அலட்சியமாகத் தாண்டிப்போன ஓர் எச்சரிக்கை கண்ணில் பட்டது. சில கோப்புகளின் நேரம் இனிமேல்தான் வரப்போகிறதாம்! எவ்வளவு? இருபது நிமிடம்.

இருபது நிமிடமா? நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அது எப்போதும் இருபது நிமிடம் முந்தித்தான் ஓடும். தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவர்கள் வீட்டில் இது பழக்கம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைய வேலை போய்விடுமே!

“புஷ்பா, கம்ப்யூட்டர் நேரத்துல கை வச்சியா?”

“ஆமாங்க. செவத்துல ஒரு மணி, இதுல ஒரு மணின்னு காட்டுச்சு. அதான் நேத்து காலைல முந்தி வச்சேன். ஏன், தப்பா?”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் முந்தி வைத்த நேரத்தில் நான் மூல நிரலை இறக்கியிருக்கிறேன். சுவரும் திரையும் ஒத்துப்போனதால் கவனிக்கவும் இல்லை. பிறகு, கட்டத் தொடங்கும் முன் ரீஸ்டார்ட் செய்தபோது, கணினி இணையத்தைக் கேட்டு நேரத்தைத் தானே திருத்திக்கொண்டது. ஆக, முதலில் கட்டிய பகுதிகள் எல்லாம் மூல நிரலைவிடப் பழையவை! நிறுவும்போது அந்தக் கணக்கு இடித்துத்தான் பாதியில் நின்றிருக்கிறது. கொழுந்து தராசில் ஏறும் முன்பே தூளை மூட்டை கட்டிய மாதிரி. எந்த பெக்டரியில் ஒப்புக்கொள்வார்கள்?

கட்டியதை அழித்துவிட்டு, எட்டரைக்கு மறுபடி தொடங்கினேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கரண்டை மட்டும் எடுத்துவிடாதே என்று தெரிந்த தெய்வங்களை எல்லாம் கும்பிட்டேன்.

ஒரு மணிக்குக் கணினி எழும்பியது. வண்ணத்துப்பூச்சிப் பாட்டைப் போட்டோம். பாட்டு நடுவே ஒரு குட்டிக் குரல் — “டீச்சர், ஒண்ணுக்கு வருது!” அதை வெட்டமாட்டேன் என்று புஷ்பா பதிவு செய்தபோதே அடம்பிடித்திருந்தாள். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விழாவில் அந்த இடம் வந்தபோது தாய்மார் சிரித்த சிரிப்பில் தகரக் கூரையே அதிர்ந்தது. முடிவில் புஷ்பா மைக்கைப் பிடித்தாள்.

“பாட்டு வச்சிருந்த கம்ப்யூட்டர் பழுதாயிருச்சு. எங்க வீட்டுக்காரருதான் சரியாக்கிக் குடுத்தாங்க. அவங்களுக்கு எல்லாரும் ஒரு கைதட்டு குடுங்க!”

தட்டினார்கள். நானும் எழுந்து, பணிவாகக் கும்பிட்டேன்.

பழுதாக்கியது யார் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை... குடும்பம் அப்படித்தான் ஓடுகிறது!