கருப்பம்மாவின் இடது கை

பதுளை பஸாரில் புடைவைக்கடை வைத்திருந்த பலீல் ஹாஜியாரின் மூத்த மகள் ஜெனீரா, கொழும்பில் படித்து முடித்து 1971இல் தொழில்வழிச் சிகிச்சையாளராக ஊர் திரும்பினார். பாரிசவாதத்தில் விழுந்தவர்களையும் கை நசுங்கியவர்களையும் கட்டிலில் கிடக்கும்போதே எழுப்பி உட்காரவைத்து, சட்டை மாட்டவும் முகம் கழுவவும் சோறு உண்ணவும் மறுபடி பழக்குவது அவர் வேலை. வாரத்தில் பாதி நாள் பதுளையில். மீதி நாட்கள் ரயிலும் பஸ்ஸுமாக மலையோரச் சின்ன ஆஸ்பத்திரிகளில்.

தோட்டத்து ஆட்கள் அவரைத் 'தொழில் மிஸ்ஸி' என்றார்கள். "தொழிலெல்லாம் இருக்குங்க மிஸ்ஸி, கைதான் இல்ல" என்று தேயிலை மெஷினில் விரல்களை இழந்த ஒருவர் சொன்னபோது, சிரிப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

1974 ஐப்பசி மழையில், ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த கருப்பம்மா மலையிலேயே சாய்ந்துவிட்டார். வயது நாற்பத்திரண்டு. மூன்றாம் நாள் ஜெனீரா ஆஸ்பத்திரியில் பார்த்தபோது வலது கையும் காலும் துவண்டு கிடந்தன. பேச்சு மட்டும் மெதுவாக வந்தது. வலது கை வராவிட்டால் இடது கையைப் பழக்கு என்பதே படித்த பாடம். தட்டை இடப்பக்கம் வைத்தார். கருப்பம்மா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊட்டிவிட வந்த அட்டெண்டனிடமும் வாய் திறக்கவில்லை.

அடுத்த தடவை போனபோதும் அப்படித்தான். நாலு நாளாக வெறும் தேத்தண்ணி. ஜெனீரா நோயாளி அட்டையில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிட்டு பஸ் ஏறினார். ஹப்புத்தளை வரை அந்தச் சொல் அவரை உறுத்திக்கொண்டே வந்தது. தன் வீட்டில், இடது கையால் பேரீச்சம்பழம் ஒன்றை எடுத்தாலே உம்மா தட்டிவிடுவது ஞாபகம் வந்தது. வலது கையால் உண்பதைத்தான் இந்த அம்மா விடமாட்டேன் என்கிறார் என்று முடிவுசெய்தார்.

வெள்ளிக்கிழமை, பழைய பாண்டேஜ் துணியில் ஒரு பட்டி தைத்து, அதில் கரண்டியைச் செருகிக் கருப்பம்மாவின் வலது கையில் கட்டினார்.

"சாப்பிடுறது உங்கட சோத்துக் கைதான். இடது கை மணிக்கட்டைப் பிடிச்சுத் தூக்கிக் குடுக்கும், அவ்வளவுதான்."

கருப்பம்மா வெகுநேரம் கரண்டியைப் பார்த்தார். பிறகு தூக்கினார். பாதிச் சோறு மடியில் கொட்டியது. அன்று ஐந்து வாய் உண்டார். மூன்றாம் வாரம் கோலூன்றி நடந்து வீட்டுக்குப் போனார்.

தை மாதத்தில் ஒரு பகல், கணவர் மாடசாமி கூட்டிப்போக, ஜெனீரா அவர்களுடைய லயத்து வீட்டுக்கு ஏறினார். கருப்பம்மா அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டியைச் சம்பலில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார், இடது கையால்.

ஜெனீராவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அந்தக் கரண்டிப் பட்டி எங்கம்மா?"

"இருக்குங்க மிஸ்ஸி. யாராச்சும் வந்தா கட்டிக்குவேன்." கருப்பம்மா வெட்கத்தோடு சிரித்தார். "ஆஸ்பத்திரியில எதிர்த்தாப்புல இருபது பேரு உக்காந்து பாத்தாங்க. கொழந்தையாட்டம் சிந்திக்கிட்டு எப்படிங்க திங்கிறது? பட்டியக் கட்டிக்கிட்டு சிந்தினா, அது வைத்தியம்னு நெனைச்சுக்குவாங்க. இங்க இவருதானே இருக்காரு."

"எனக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலிங்களே."

கோபமில்லாமல்தான் சொன்னார். ஒரு ரொட்டியை எடுத்து ஜெனீராவின் பக்கம் நகர்த்தினார். ஜெனீரா தரையில் அமர்ந்து அதைத் தின்றார். பட்டி தைத்தபோது தனக்கு வந்த பெருமையை நினைக்கக் கூச்சமாக இருந்தது. தன் உம்மாவின் மனதை இந்த அம்மாவுக்குள் வைத்துப் பார்த்திருக்கிறார். இவரிடம் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. மறுவாரம் முதல், சாப்பாட்டு வேளையில் புது நோயாளியின் கட்டிலைச் சுற்றித் துணி மறைப்பு இழுத்துவிடச் சொன்னார். "நேரத்தைக் கடத்துறீங்க மிஸ்" என்று தாதிமார் முணுமுணுத்தபோதும் விடவில்லை. மறைப்பு வேண்டுமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள்.

லயத்திலிருந்து திரும்பிய அன்று பஸ் ரோட்டுவரை மாடசாமி கூட வந்தார். பாதி வழியில் நின்று கேட்டார்.

"மறுபடி கொழுந்து எடுப்பாளாங்க?"

இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஜெனீரா அதைச் சொல்லவில்லை.

"மாட்டாங்க. அந்தக் கை அவ்வளவு வேகத்துக்கு வராது."

மாடசாமி கீழே தெரிந்த தேயிலையைப் பார்த்தார்.

"அவளுக்கும் தெரியும்னுதான் நெனைக்கிறேன்," என்றார். "புள்ளக்காம்பராவுல கைப்புள்ளைங்களப் பாத்துக்க ஆளு வேணும்னாங்க. கேட்டுப் பாக்கட்டுங்களா?"

"தொட்டில் ஆட்ட ஒரு கை போதும். நான் தோட்டத்துத் துரைக்கு ஒரு கடிதம் எழுதித் தாறேன்."

பஸ் வர இன்னும் நேரமிருந்தது. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தே எழுதிக் கொடுத்தார். சித்திரையில் கருப்பம்மா பிள்ளைக்காம்பராவில் வேலைக்குச் சேர்ந்தார்.