கிருபாபாய் எழுதிய புரோகிராம்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து ராஜபாளையத்துக்கு சி மொழி படிக்க வந்தவள் கிருபாபாய். அவளுக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. தொண்ணூற்று மூன்றில் காசிராஜனின் கம்ப்யூட்டர் சென்டரில் ஒன்றாகப் படித்தோம். அத்தனை பேருக்கும் இரண்டே மெஷின். அதனால் எழுதிய புரோகிராமை ஓட்டிப் பார்க்கும்போது அது பெயர் கேட்டால் ‘ஏ’ என்று ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு அடுத்த கேள்விக்கு ஓடுவோம். முழுப் பெயர் அடித்தால் பின்னால் நிற்கிறவர்கள் முறைப்பார்கள்.

ஒரு நூல் மில்லுக்குத் தொழிலாளர் விவரம் பதியும் புரோகிராமை அவள் தனியாக எழுதினாள். பிடித்துப்போனால் அங்கேயே புரோகிராமர் வேலை. வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சைத் தள்ளிவைப்பதாக அவள் அப்பா ஐயாதுரை சொல்லியிருந்தார்.

மில்லில் மேனேஜரே உட்கார்ந்து தட்டினார். எம் என்ற இனிஷியல், ஓர் இடைவெளி, பிறகு சோலைச்சாமி. நம் ஊரில் வேறு எப்படி எழுதுவார்கள்? பெயர் வாங்க அவள் போட்டிருந்த ஸ்கேன்எஃப் என்ற கட்டளை, இடைவெளி வந்தால் நின்றுவிடும். எம்மை மட்டும் பெயராக எடுத்துக்கொண்டது. வயதுக்கு எண் எதிர்பார்த்த இடத்தில் சோலைச்சாமி வந்து நிற்கவும், முழி பிதுங்கி ஒரே கேள்வியைத் திரை முழுக்கக் கொட்டியது.

"என்னம்மா, பேரே வாங்கத் தெரியல இதுக்கு?" என்றார் மேனேஜர்.

"செத்த நேரம் குடுங்க சார், மாத்திருதேன்."

"பொறவு பாப்போம்மா."

அன்று சாயங்காலமே அதற்குப் பதில் எஃப்கெட்ஸ் என்ற கட்டளையைப் போட்டு, எண்டர் தட்டும்வரை முழு வரியையும் வாங்கும்படி மாற்றிவிட்டாள். காசிராஜன் ஃப்ளாப்பியை வாங்கிக்கொண்டார்.

"நீ வரவேண்டாம் கிருபா. அவியளுக்கு உம்மேல நம்பிக்கை போயிருச்சு. நான் பேசுதேன்."

பேசினார். முதல் திரையில் எழுதியவர் என்று தன் மச்சான் பெயரைப் போட்டு, அவனையே மில்லில் புரோகிராமராகச் சேர்த்துவிட்டார். அவனுக்கு ஸ்கேன்எஃபும் தெரியாது, எஃப்கெட்ஸும் தெரியாது.

"போய்ச் சண்டை போடு" என்றேன்.

"யார்ட்ட போய்ச் சொல்ல?" என்றாள்.

அடுத்த வருஷமே ஐயாதுரை அவளை ஒரு பட்டாளத்துக்காரருக்குக் கட்டிவைத்தார். பிறகு அதே மில்லில் அவளுக்கு டேட்டா என்ட்ரி வேலை கிடைத்தது. அவள் எழுதிய புரோகிராமே பெயர் கேட்கும். புதிதாகச் சேர்ந்தவர்களின் பெயரை இனிஷியலோடு முழுசாக அடிப்பாள். ஒரு நாள் அது தகராறு செய்தது. சரிசெய்யட்டுமா என்று மேனேஜரிடம் கேட்டிருக்கிறாள்.

"நீ கை வச்சிராதம்மா. எழுதுனவரு வரட்டும்" என்றாராம் அவர்.

மச்சான் டீ குடித்துவிட்டு வரும்வரை கிருபாபாய் காத்திருந்தாள்.